வள்ளியால் "மாட்டேன்" என்று சொல்ல முடிந்தது

ஓம் சரவணபவ.

இன்னைக்குத் தல வரலாறும் இல்லை, விரத முறையும் இல்லை. போன சஷ்டி அன்னைக்கு நம்ம குரூப்பில் ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது. மலைக்கிராமத்துப் பசங்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்கிற வீடியோ ஒன்றை யாரோ போட்டிருந்தாங்க. உடனே இருபது பேர் கை கூப்பினாங்க. இந்தத் தம்பி மட்டும், "அண்ணா, கூடை பின்னக் கத்துக்கிட்டா ஒரு பையனை ஏஜென்ட்டுகிட்ட இருந்து காப்பாத்திட முடியுமா? இல்ல, நாம நல்லவங்கன்னு நாமளே நம்பிக்கிறதுக்கா இது?" என்று கேட்டான். யாரும் பதில் போடலை. அடுத்த நிமிஷம் ஒரு ராஜ அலங்காரப் படம் வந்துடுச்சு, கேள்வி மேலே போயிடுச்சு.

கேட்டது நியாயமான கேள்வி. நாம முருகனைக் குறிஞ்சிக் கடவுள் என்கிறோம். குறவர் மகளை மணந்தவன் என்று பாடுகிறோம். தேனும் தினைமாவும் படைக்கிறோம். அந்தத் தேனை எடுக்கிற கை யாருடையது, அந்தக் கைக்கு என்ன கிடைக்குதுன்னு யோசிக்கிறது பக்திக்கு வெளியே இருக்கிற விஷயம்னு எனக்குத் தோணலை.

வள்ளி கதையில் இருந்தே தொடங்கறேன். தினைப்புனத்தில் பரண் மேல் நிற்கிறாள். கையில் கவண். காக்கிற புனம் அவள் குடும்பத்துடையது. வேடனாக வந்தவன் எவ்வளவோ நயமாகப் பேசியும் அவள் மசியலை. கிழவனாக வந்து பசி என்றதும் தேனும் தினைமாவும் கொடுத்தாள், தாகம் என்றதும் சுனையைக் காட்டினாள். கல்யாணப் பேச்சு எடுத்ததும் கோபப்பட்டாள். அப்புறம் யானை வந்ததும் அவள் பயந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அவன் தன் நிஜ உருவத்தைக் காட்டிய பிறகுதான் முழு மனசோடு ஏற்றாள். சின்ன வயசில் இதை ஒரு திருவிளையாடலாகக் கேட்டேன். இப்போ எனக்கு வேற ஒன்று கண்ணில் படுது. கடவுளே வந்து கேட்டாலும் "மாட்டேன்" என்று சொல்லக்கூடிய நிலையில் அந்தப் பொண்ணு இருந்திருக்கிறாள். அடுத்த வேளைச் சோற்றுக்கு அந்த வேடனை அவள் நம்பியிருக்கலை.

முருகனையும் ஏஜென்ட்டையும் ஒப்பிடுறியான்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. வித்தியாசத்தைத்தான் சொல்ல வர்றேன். முருகன் வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சம்மதம் வாங்கினான். மலைக்கு வருகிற ஏஜென்ட், சம்மதத்தை வாங்கிவிட்டு அப்புறம்தான் வேஷத்தைக் கலைக்கிறான்.

வள்ளி பிறந்த இடம் என்று நாம நம்புகிற வள்ளிமலை வேலூர் பக்கம் இருக்கு. பழைய வட ஆற்காடு மாவட்டம். அதே பழைய மாவட்டத்தில்தான் ஜவ்வாதுமலையும் இருந்தது. அங்கே வாழ்கிற பழங்குடியினருக்கு மலையாளி என்று பேர். கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசுகிற மலைமக்கள். சாமை விதைப்பாங்க, புளி உலுக்குவாங்க, தேன் எடுப்பாங்க. 2015 ஏப்ரல் 7 அன்னைக்குத் திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தாங்க. திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட நம்ம மாவட்டங்களைச் சேர்ந்த கூலியாட்கள். ஜவ்வாதுமலைக்காரர்களும் அதில் இருந்தாங்க. தாக்க வந்தார்கள், அதனால் சுட்டோம் என்றது போலீஸ். போலி என்கவுன்டர் என்றன மனித உரிமை அமைப்புகள். கட்டட வேலை, பெயின்ட் வேலை என்று சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க என்று சில குடும்பத்தார் சொன்னார்கள்.

செம்மரம் வெட்டுறது குற்றம்தான், அதை யாரும் மறுக்கலை. ஆனால் அந்த மரத்தால் கோடி கோடியாகச் சம்பாதித்தவன் அன்னைக்கு அந்தக் காட்டில் இல்லை. கோடாரி பிடிக்கத் தெரிந்த, மலை ஏறிப் பழகிய, கையில் காசில்லாத பையன்தான் அங்கே இருந்தான். அவனுடைய திறமையைத்தான் ஏஜென்ட் விலை பேசியிருக்கிறான். இதை யோசித்தால் "தொழில் தெரியாததால்தான் ஏமாறுறாங்க" என்ற நம்ம வழக்கமான பேச்சு பொய்யாகிவிடுது. அவனுக்குத் தொழில் தெரியும். அதை நியாயமாக விற்க இடம்தான் இல்லை.

ஏஜென்ட் எப்போ வருவான்னு கவனிச்சிருக்கீங்களா? அறுவடை முடிந்து கையில் நாலு காசு இருக்கும்போது வரமாட்டான். பள்ளிக்கூடம் திறக்கும்போது வருவான். வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வருவான். கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுக்கு, துக்கம் நடந்த வீட்டுக்கு வருவான். கையில் முன்பணம் இருக்கும். செங்கல் சூளைக்கு, கரும்பு வெட்ட, தோட்ட வேலைக்கு என்று இடம் மாறும். முறை மாறாது. முன்பணத்தை வாங்கிய அந்த நிமிஷத்தில் இருந்து அந்த ஆள் தன் உழைப்புக்கு விலை சொல்ல முடியாது. அவன் விற்கிறவன் இல்லை, கடன்காரன்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு வழியும் இருந்தது. மேற்கு மாவட்டங்களில் சில மில்கள் சுமங்கலித் திட்டம் என்று சொல்லி இளம்பெண்களைச் சேர்த்தன. மூணு வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும். நடுவில் வந்துவிட்டால் அந்தத் தொகை கிடைக்குமா என்பது சந்தேகம்தான். அங்கே பணத்தை முன்னாடி கொடுத்துக் கட்டுகிறான், இங்கே பணத்தைப் பின்னாடி வைத்துக் கட்டுகிறான். அந்தத் திட்டத்துக்கு வைத்த பேரைப் பாருங்க. சுமங்கலி! நம்ம வீட்டுப் பூஜை அறையில் சொல்கிற வார்த்தை.

பக்தியின் பேரால் ஆளைக் கட்டிப்போட்ட வரலாறு இதைவிடப் பழசு. வயநாட்டில் மானந்தவாடி பக்கத்தில் வள்ளியூர்க்காவு என்று ஒரு பகவதி கோயில் இருக்கு. பங்குனி மாத வாக்கில் திருவிழா. நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பகுதியிலும் வயநாட்டிலும் வாழ்கிற பணியர் என்ற பழங்குடியினரை, ஒரு காலத்தில் அந்தத் திருவிழாவில்தான் நிலச்சுவான்தார்கள் வருஷக் கணக்குக்குப் பிடிப்பார்கள். ஒரு சின்னத் தொகை கொடுப்பார்கள். அதற்கு நில்ப்புப் பணம் என்று பேர். நிற்பதற்கான பணம், அதாவது அடுத்த திருவிழா வரைக்கும் வேற எங்கேயும் போகாமல் அந்த நிலத்திலேயே நிற்பதற்கான பணம். அம்மன் சாட்சி. வாக்கு மீறினால் தெய்வக் குற்றம் என்று அந்த ஜனங்கள் நம்பினார்கள், அதனால் காவலே தேவைப்படலை. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த வழக்கம் இருந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு அம்மன் மேல் கோபம் வரலை, அவளைச் சாட்சியாக நிறுத்தினவங்க மேல்தான் வந்தது. 1976 இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து, அப்படிப்பட்ட முன்பணக் கடன் எதுவும் செல்லாது என்று சொல்லிவிட்டது. சட்டம் கடனை ரத்து செய்தது. கடன் வாங்க வைத்த தேவையை அது எப்படி ரத்து செய்யும்?

அந்தப் பணியர் வீட்டுப் பிள்ளைகளும் பெட்டகுறும்பர், காட்டுநாயக்கர், சோலிகர் வீட்டுப் பிள்ளைகளும் இப்போ கூடலூர்ப் பக்கம் ஒரு வேலை செய்கிறார்கள். யானை செய்கிறார்கள்.

உண்ணிச்செடி தெரியும் இல்லையா, சின்னச் சின்னதாகப் பல நிறத்தில் பூக்கும், ரோட்டோரம் புதராக மண்டிக் கிடக்குமே, அதுதான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. வெள்ளைக்காரர்கள் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்து வைத்தது, காடு முழுக்கப் பரவிடுச்சு. அது மண்டிய இடத்தில் புல் முளைக்காது. யானையும் மானும் அதைத் தின்னாது. தீனி குறைந்தால் யானை ஊருக்குள் வரும். இந்தச் செடியின் தண்டை வெட்டி, தண்ணீரில் கொதிக்க வைத்து, பட்டையை உரித்து, இளகி இருக்கும்போதே இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்து வளைத்து அடித்து, நிஜ யானை அளவிலேயே யானை செய்கிறார்கள். கற்பனை யானை இல்லை. அந்தக் காட்டிலும் எஸ்டேட்டிலும் நடமாடுகிற, அவர்களுக்கு முகம் தெரிந்த யானைகளைப் பார்த்துச் செய்தது. காது மடிப்பு, தந்தம், நிற்கிற தோரணை எல்லாம் ஒவ்வொன்றுக்கும் வேற. தி ரியல் எலிஃபென்ட் கலெக்டிவ் என்ற பேரில் சுமார் 200 பழங்குடிக் கைவினைஞர்கள் இதில் இருக்கிறார்கள். 2021 இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024 இல் அமெரிக்காவுக்குப் போயின.

வள்ளியைப் பயமுறுத்த வந்த யானை ஞாபகத்துக்கு வருதா? எனக்கு வந்தது.

இந்த முயற்சியில் எனக்குப் பிடித்த விஷயம் லண்டன் இல்லை. யாரும் மதிக்காத களையை எடுத்திருக்கிறார்கள் பாருங்க, அதுதான். மூங்கில் வெட்டினால் ஆயிரம் கேள்வி வரும். உண்ணிச்செடியை வெட்டினால் காட்டுக்கே நல்லது, வனத்துறைக்கும் சந்தோஷம். மூலப்பொருளுக்கு முதல் போட வேண்டாம், அதனால் அதற்காகக் கடனும் வாங்க வேண்டாம். காட்டை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தெரிதலே மூலதனம்.

இப்போ தம்பியின் கேள்விக்கு வரேன். கைத்தொழில் காப்பாற்றுமா? தொழில் மட்டும் காப்பாற்றாது. நாற்பது நாள் தையல் பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிற திட்டங்கள் நிறைய உண்டு. நாற்பத்தொன்றாம் நாள் அந்தப் பொண்ணுக்கு ஆர்டர் யார் தருவா? மெஷின் பழுதானால் யார் சரி பண்ணுவா? தைத்ததை வாங்கிக்கொண்டு மூணு மாசம் கழித்துக் காசு தருகிறேன் என்றால், அந்த மூணு மாசத்தில்தானே ஏஜென்ட் வருவான்? அவன் உடனே காசு தருகிறான். அந்த ஒரு விஷயத்தில் அவன் நம்ம நல்ல மனசுக்காரர்களை எல்லாம் ஜெயித்துவிடுகிறான். இதை ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கு, ஆனால் உண்மை அதுதான்.

தேன் விஷயத்திலும் இதே கதைதான் நடந்திருக்கு. நீலகிரியில் குறும்பரும் இருளரும் பாறை இடுக்கில் கொடி ஏணி கட்டி இறங்கித் தேன் எடுப்பார்கள். உயிரைப் பணயம் வைக்கிற வேலை. ஆனால் வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டால் தேன் கூட்டில் இருக்கும்போதே அதன் விலை முடிந்துவிடும், அதுவும் அவன் சொன்ன விலைக்கு. கோத்தகிரியில் கீஸ்டோன் என்ற அமைப்பு 1990களில் இருந்து தேன் எடுப்பவர்களோடு வேலை செய்து வந்தது. அதன் தொடர்ச்சியாக 2013 இல் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று ஒன்று உருவானது. அதில் பங்குதாரர்கள் பழங்குடியினரே. தேன், மெழுகு, சிறுதானியம் எல்லாம் அவர்களே வாங்கி, அவர்களே சுத்தம் பண்ணி, அவர்களே விற்கிறார்கள். 2021 இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது கிடைத்தது. விருதை விடுங்க. தேன் எடுப்பவரே அந்தக் கம்பெனியில் பங்குதாரர் என்பதுதான் பெரிய விஷயம். அன்புக்குக் கட்டுப்பட்டு நல்ல விலை தருகிற முதலாளி நாளைக்கு மனசு மாறலாம். பங்குதாரரை அப்படிக் கைவிட முடியாது.

சரி, எதிர்க்கேள்வி ஒன்று வரும், வரணும். "மலைப்பிள்ளைன்னா கூடைதான் பின்னணுமா? உன் தங்கச்சி இன்ஜினியரிங் படிப்பா, அவன் மட்டும் பாரம்பரியத்தைக் காப்பாத்தணுமா?" இந்தக் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. தோடர் பெண்களின் பூத்தையல் எவ்வளவு அழகு, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். 2013 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பார்த்து நான் உருகலாம். ஆனால் ஒரு தோடர் பொண்ணு "எனக்கு ஊசி பிடிக்கலை, நர்ஸ் ஆகப் போறேன்" என்றால், ஐயோ கலை அழியுதே என்று வருத்தப்பட எனக்கு என்ன உரிமை? என் தாத்தா செய்த வேலையை நான் செய்யலை. யாரும் என்னிடம் வந்து கலை போச்சே என்று அழலை.

நிலத்துக்காரன் நில்ப்புப் பணம் கொடுத்து நிற்க வைத்தான். நாம பாரம்பரியம் என்று சொல்லி நிற்க வைத்தால் அது எந்த விதத்தில் உயர்ந்தது? இந்த இடத்தில் நான் கொஞ்சம் கறாராக இருக்கேன். ஒரு கைத்தொழில் திட்டம் நல்லதா என்று பார்க்க, எத்தனை பேர் அதில் சேர்ந்தார்கள் என்று மட்டும் எண்ணக் கூடாது. எத்தனை பேர் அதிலிருந்து பயமில்லாமல் வெளியே போக முடிகிறது என்றும் பார்க்கணும். அம்மா பின்னிய கூடைக்கு அந்த வாரமே காசு வந்தால், பையன் உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாவதைப் பாதியில் விட வேண்டியதில்லை. அப்புறம் அவன் கூடை பின்னுவானோ, பாலிடெக்னிக் போவானோ, திருப்பூருக்கே வேலைக்குப் போவானோ, அவன் இஷ்டம். வெளியூர் வேலைக்குப் போவதே தப்பு என்று நான் சொல்ல வரலை. நாமெல்லாம் போகலையா? முன்பணம் வாங்காமல், சம்பளம் தெரிந்து, திரும்பி வர பஸ் காசு கையில் வைத்துக்கொண்டு போனால் அது வேலைக்குப் போவது. அது இல்லாமல் போனால் அவனைக் கொண்டுபோகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஒரு விஷயம் மறக்கக் கூடாது. கற்றுக்கொடுக்கிறோம் என்ற பேரில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து வேலை வாங்கினால் அதுவும் சுரண்டல்தான். அதைச் செய்பவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தாலும் சரி.

இனி நம்ம பக்கம். நம்மில் சிலர் மலைப்பொருள் வாங்குகிறோம். பாவம் என்று ஒரு தடவை வாங்குவோம், அடுத்த தடவை ஆன்லைனில் குறைந்த விலைக்குக் கிடைக்குது என்று போய்விடுவோம். இரக்கத்தில் வாங்குவதை நம்பி ஒரு குடும்பம் திட்டமிட முடியாது. போன மாசம் ஐம்பது கூடை, இந்த மாசம் பூஜ்யம் என்றால் அந்தப் பூஜ்ய மாசத்தில் என்ன நடக்கும்னு மேலே சொல்லிட்டேன். பிடித்திருந்தால் வாங்கணும், பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லணும், தேன் நல்லா இல்லைன்னா புகார் பண்ணணும். கடைக்காரரிடம் அப்படித்தானே இருக்கோம். அந்த மரியாதையை இவர்களுக்கும் கொடுக்கலாம்.

ஆனால் ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனசில் ஓடுது. ஏஜென்ட்டின் ஆயுதம் முன்பணம். அதே முன்பணத்தை நாம ஏன் கொடுக்கக் கூடாது? ஆளுக்குக் கொடுத்தால் அது விலங்கு. பொருளுக்குக் கொடுத்தால் அது ஆர்டர். ரூபாய் அதே ரூபாய்தான். "இத்தனை கூடை, இந்த அளவு, இந்தத் தேதி, பாதிப் பணம் இப்போதே" என்று ஒரு பக்தர் குழு ஒரு உற்பத்தியாளர் சங்கத்திடம் சொன்னால், பள்ளி திறக்கிற மாசத்தில் அந்த வீட்டில் காசு இருக்கும். கூடை செய்ய முடியாமல் போனால் பாக்கி என்று பொருளைத்தான் கேட்போம், பையனைக் கேட்க மாட்டோம். அடுத்த தடவை வேற ஒருத்தர் கூட விலை கொடுத்தால் அவர்கள் அங்கே போகலாம், நாம கோபப்பட முடியாது. நம்ம முன்பணத்துக்கும் ஏஜென்ட் முன்பணத்துக்கும் நடுவில் இருக்கிற வேலி இவ்வளவுதான். அதை நாமதான் பத்திரமாகப் பார்த்துக்கணும், ஏன்னா காசு கொடுத்த பிறகு அதிகாரம் பண்ணத் தோணும். எனக்கும் தோணும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்ம குழு வருஷா வருஷம் வைகாசி விசாகத்துக்குப் பூக்கூடை, பிரசாதத் தட்டு, அபிஷேகத் தேன் எல்லாம் வாங்குகிறோம். பூக்கூடை பிளாஸ்டிக். தேன் எந்தக் காட்டுத் தேன் என்று யாருக்கும் தெரியாது. மலைத்தேன் எடுப்பது கோடையில். பங்குனி உத்திரத்துக்கு முன்னாடியே சொல்லிவைத்தால் விசாகத்துக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னாடி பாக்கிப் பணமும் போய்ச் சேர்ந்துடும்.

ஜவ்வாதுமலை, கொல்லிமலை, நீலகிரிப் பக்கம் பழங்குடியினர் கூட்டுறவு சங்கத்தையோ உற்பத்தியாளர் குழுவையோ நேரடியாகத் தெரிந்தவங்க குரூப்பில் சொல்லுங்க. இடைத்தரகர் நம்பர் வேண்டாம். விலை கேட்கும்போது "குறைச்சுக் குடுங்க"ன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க. முதலில் அவங்க விலையைச் சொல்லட்டும். நமக்குக் கட்டுப்படியாகலைன்னா எண்ணிக்கையைக் குறைச்சுக்கலாம். கேள்வி கேட்ட தம்பி, நீ தான் இந்தக் கணக்கை எழுதி வைக்கணும். பணம் எந்தத் தேதிக்குப் போச்சுன்னும் சேர்த்து எழுது.

வேலும் மயிலும் துணை.